பதில் இல்லை

ஆல்போர்க் நகராட்சி, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே துறைமுகம்.
கிரீன்லாந்துக்குப் போகும் கப்பலில்
உருளைக்கிழங்கும் சிமெண்டும் ஏறிக்கொண்டிருந்தன.
நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கு இத்தனை குரோனர் என்று
சொற்களுக்கு மட்டும் கூலி.

விபேக்கா நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
காப்பி ஊற்றினார், கண் துடைக்கும் தாள்பெட்டியை
இனாலுக் பக்கம் நகர்த்தி வைத்தார்,
பிறகுதான் கேள்வித்தாளைத் திறந்தார்.

'குழந்தை இரவில் அழுதால் எழுந்திருப்பீர்களா?'
இனாலுக் புருவத்தை உயர்த்தினாள்.
'பால் குடிக்க மறுத்தால் கவலைப்படுவீர்களா?'
புருவம்.
'கோபத்தில் அடித்ததுண்டா?'
மூக்கைச் சுருக்கினாள்.
விபேக்கா பொறுமையாகக் காத்திருந்தார்.
சுவர்க் கடிகாரமும் காத்திருந்தது.
பேனா எழுதியது:
பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

உப்பர்னாவிக்கில் புருவம் ஏறினால் ஆம்,
மூக்கு சுருங்கினால் இல்லை.
பல்லைக் கிட்டவைக்கும் காற்றில், வாயே திறக்காமல்,
என் அம்மா என் அப்பாவுக்குச் சம்மதம் சொன்னது
அப்படித்தான்.
ஆனால் ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி:
மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.
புருவம் எந்த அகராதியில் இருக்கிறது?
வாயை மூடிக்கொண்டு
ஒப்பந்தத்தைக் காப்பாற்றினேன்.

அப்புறம் குழந்தையைக் கொண்டுவந்தார்கள்,
காப்பகத்திலிருந்து, யாரோ வாங்கிய மஞ்சள் சட்டையில்.
பதினோரு மாதம். பெயர் உல்லோரியாக்.
இனாலுக்கின் தகப்பனார் பனிக்கடலுக்குள் போன குளிர்காலம் முடிந்து
வந்த வேனிலில் பிறந்தவள்,
அவர் பெயரோடு.
'அப்பா' என்று வாரி எடுத்தாள் இனாலுக்.
'இளைத்துப் போனீர்களே, அப்பா.'
உச்சி முகர்ந்தாள்.
கன்னத்தில் மூக்கை அழுத்தி மூச்சை இழுத்தாள்,
வெகுநேரம் நீருக்கடியில் கிடந்து
இப்போதுதான் மேலே வந்தவள் போல.

'என்ன சொல்கிறார்?'
இது சொல். இதற்குக் கூலி உண்டு.
எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.
தாளில் விழுந்தது:
மகளைத் தந்தை என்கிறார், உறவுக் குழப்பம்.
முத்தமிடவில்லை. மோந்து பார்க்கிறார்.

சொல்லாமல் விட்டதில் ஒரு துரோகம்,
சரியாகச் சொன்னதில் இன்னொன்று.

அன்றிரவு விபேக்காவுக்கு நானும் ஒரு தேர்வு தயாரித்தேன்.
நேற்று உறைந்த கடலில் எங்கே கால் வைப்பீர்கள்?
ஒரு திமிங்கிலத்தை எத்தனை வீட்டுக்குப் பங்கிடுவீர்கள்?
செத்தவரின் பெயர் ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கையில்
அதை உரக்கச் சொல்லலாமா?
இருபது கேள்வி. இருபதிலும் தோற்பார்.
சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.
பிறகு அந்தச் சிரிப்பை
எங்கே கேட்டிருக்கிறேன் என்று நினைவு வந்து
தாளைக் கிழித்தேன்.
அவர் மேசைமேல் இரண்டு பிள்ளைகளின் படம் இருக்கிறது.
அவர்களை வீட்டில் எப்படி அழைப்பார் என்று
நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள்.
பதினாறு பக்கம். கடைசியில் அச்சிட்ட வரி:
'பேசப்பட்ட அனைத்தும் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டன.'
பேனாவை வாங்கி
முதல் பக்கத்துக்குப் புரட்டினேன்.
பதில் இல்லை என்ற இடமெல்லாம் அடித்து எழுதினேன்.
ஆம். ஆம். அடித்ததில்லை. ஆம்.

ஒன்பதாம் பக்கத்தில்
'என்ன செய்கிறீர்கள்?' என்றார் விபேக்கா.
கோபமா, நிஜமான கேள்வியா, தெரியவில்லை.
இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில்.
டேனிய முகங்களை நான் இன்னும்
எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன்.

கீழே கப்பல் ஊதியது.
மோந்து பார்க்கிறார் என்ற வரி
இன்னும் மூன்று பக்கம் தள்ளி இருந்தது.
இதற்குப் புருவம் போதாது.
வாயைத் திறந்தேன்.